பாரம்பரியம், முறைமை, கட்டளை

'அது வேதத்துல இல்லையே' என்று ஒருவர் சொல்லுகிறார். 'வேதத்துலயே எழுதியிருக்கு, அப்புறம் என்ன பேச்சு' என்று இன்னொருவர் சொல்லுகிறார். தமிழ்க் கிறிஸ்தவச் சபைகளுக்குள் நடக்கிற எந்தச் சண்டையும் கொஞ்ச நேரத்தில் இந்த இரண்டு வாக்கியங்களில் ஒன்றில் வந்து நின்றுவிடும். பெண் பீடம் ஏறலாமா, நகை போடலாமா, தாலி கட்டலாமா, கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா, கல்லறைத் தோட்டத்தில் யாரை எந்தப் பக்கம் புதைப்பது, எல்லாவற்றுக்கும் இவைதாம். வேதத்தில் இருந்தால் கட்டளை, கை வைக்கக்கூடாது. இல்லையென்றால் சபை வழக்கம், வைத்துக்கொள்ளலாம், விட்டுவிடலாம். கேட்பதற்கு எளிமையான பிரிவினை. நடைமுறையில் இது எப்படி வேலை செய்கிறது, யாருக்காக வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

இறையியல் என்னுடைய துறை அல்ல. தமிழ் படித்தவன் நான். எனவே பிரதியை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, அது தமிழுக்குள் வந்த விதத்தையும் தமிழ்நாட்டில் அது வாசிக்கப்பட்ட விதத்தையும் பற்றித்தான் என்னால் பேச முடியும். விசுவாசிகளுக்கு அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றிப் பாடம் நடத்துவது என் வேலையல்ல. ஆனால் ஒரு புத்தகத்தின் பெயரால் ஒரு மனிதன் தரையில் உட்கார வைக்கப்பட்டால் அந்தப் புத்தகம் எல்லோருக்கும் உரிய விஷயமாகிவிடுகிறது.

1

முதலில் சரக்குகளைப் பிரித்து வைத்துவிடலாம்.

வேதத்தில் இல்லாதவை ஒரு பக்கம். டிசம்பர் 25 அதில் இல்லை. இயேசு பிறந்த தேதியை நான்கு சுவிசேஷங்களும் சொல்லவில்லை. அந்த நாளில் பிறப்பைக் கொண்டாடியதற்குக் கிடைக்கிற பழைய தடயம் ரோமில், 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குருமார் மணம் செய்யக்கூடாது என்பதும் அதில் இல்லை. பேதுருவுக்கு மாமியார் இருந்தாள் என்று மாற்கு சொல்லுகிறார். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் கண்காணியானவன் ஒரே மனைவியை உடையவனாய் இருக்க வேண்டும் என்கிறது. குருமாரின் மணம் செல்லாது என்று லத்தீன் சபை திட்டவட்டமாகச் சட்டம் செய்தது 1139இல், இரண்டாம் லாத்தரன் சங்கத்தில். ரோமோடு இணைந்த கீழைச் சபைகள் பலவற்றில் இன்றைக்கும் மணமானவர்கள் குருவாகிறார்கள். சிலுவை பொறித்த தாலியும் அப்படித்தான். அது நம்மூர்த் தட்டான் செய்தது, பெத்லகேமிலிருந்து வந்ததல்ல.

வேதத்தில் கட்டளையாகவே இருந்தும் கைவிடப்பட்டவை இன்னொரு பக்கம். இந்தப் பட்டியலைப் பற்றி யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. ஒருவரையொருவர் பரிசுத்த முத்தத்தோடு வாழ்த்தச் சொல்லி பவுலின் நிருபங்களில் நான்கு இடங்களில் வருகிறது. தமிழ்நாட்டில் எந்த ஆலயத்தில் இது நடக்கிறது? யோவான் 13இல் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிவிட்டு, நீங்களும் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும் என்று நேரடியாகவே சொல்லுகிறார். சில சிறு சபைகள் இதைப் பின்பற்றுகின்றன. கத்தோலிக்கச் சபையில் ஆண்டுக்கு ஒரு முறை, பெரிய வியாழனன்று, நடக்கிற சடங்காக இது சுருங்கிவிட்டது. அந்தச் சடங்கிலும் 2016 வரைக்கும் விதிப்படி ஆண்களின் கால்கள் மட்டுமே. அப்போஸ்தலர் நடபடிகள் 15இல் எருசலேம் சங்கம் கூடி, யூதரல்லாத விசுவாசிகள் மேல் வேறு பாரம் சுமத்த வேண்டாம், சில காரியங்களை மட்டும் விலக்கினால் போதும் என்று தீர்மானிக்கிறது. அந்தச் சிலவற்றில் ஒன்று இரத்தம். ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்புகிற வழியில் கறிக்கடையில் ஆட்டு ரத்தம் வாங்கி வெங்காயம் போட்டுப் பொரிக்கிற நம்மவர்கள் யாரும் அப்போஸ்தலரின் தீர்மானத்தை மீறுகிறோம் என்று நினைப்பதில்லை.

பெண் தலையை மூடிக்கொண்டு ஜெபிக்க வேண்டும் என்பது முதலாம் கொரிந்தியர் 11. கத்தோலிக்கச் சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் இது விதியாகவே இருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அந்த விதி இல்லை. அடிமைகள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது எபேசியர் 6. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளை வைத்திருந்த கிறிஸ்தவர்கள் இந்த வசனத்தைத்தான் கையில் எடுத்தார்கள். 1845இல் பாப்டிஸ்டுகள் இதே கேள்வியில் இரண்டாகப் பிளந்து தென்னக பாப்டிஸ்டு அமைப்பு உருவானது. 150 ஆண்டுகள் கழித்து, 1995இல், அந்த அமைப்பே அதற்காக மன்னிப்புக் கேட்டது. இடையில் புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. 'கட்டளை' என்ற அலமாரியில் இருந்ததை எடுத்து 'அந்தக் கால வழக்கம்' என்ற அலமாரியில் வைத்தார்கள், அவ்வளவே.

ஆக, இல்லாததைக் கடைப்பிடிப்பதும் இருக்கிறதை விட்டுவிடுவதும் எல்லாச் சபையிலும் நடக்கிறது. இதில் குற்றம் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. எந்தச் சமூகமும் ஒரு புத்தகத்தை அப்படியே வாழ்ந்துவிட முடியாது. வாசித்துத்தான் வாழ முடியும். ஆனால் எது கட்டளை, எது வழக்கம் என்ற கோடு புத்தகத்துக்குள் தயாராகப் போட்டு வைக்கப்பட்டிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் யாரோ அதைப் போடுகிறார்கள்.

2

'பாரம்பரியம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதற்கு 'பரதோசிஸ்' என்று பெயர். கையளிக்கப்பட்டது, கைமாறி வந்தது என்பது பொருள். 1871இல் வெளிவந்த பவரின் திருத்தமான மொழிபெயர்ப்பு, அதாவது தமிழ்ப் புராட்டஸ்டண்டு வீடுகளில் இன்றைக்கும் இருக்கிற அந்தக் கறுப்பு அட்டை வேதாகமம், இந்த ஒரு சொல்லை எப்படித் தமிழாக்குகிறது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது.

மாற்கு 7இல் பரிசேயர்கள் கை கழுவுகிற சடங்கைப் பற்றி வழக்காடுகிறார்கள். அங்கே அது 'பாரம்பரியம்'. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 2இல் பவுல் தான் கையளித்ததைப் பற்றிக்கொள்ளச் சொல்லுகிறார். அதே கிரேக்கச் சொல், ஆனால் இங்கே 'முறைமை'. முதலாம் கொரிந்தியர் 11இன் தொடக்கத்தில் பவுல் தான் ஒப்புவித்தவற்றைக் கொரிந்தியர் கடைப்பிடிப்பதற்காக அவர்களைப் புகழுகிறார். மறுபடியும் அதே சொல். இங்கே 'கட்டளை'!

பரிசேயர் செய்தால் பாரம்பரியம், பவுல் செய்தால் கட்டளை. மொழிபெயர்த்தவர்கள் சதி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆங்கில வேதாகமத்திலும் இந்த மாதிரி மாற்றங்கள் உண்டு. நான் கவனிக்கச் சொல்வது வேறு. கொரிந்தியர் 11இல் 'கட்டளை' என்ற அந்தச் சொல்லுக்கு அடுத்துத்தான் பெண்ணின் முக்காட்டைப் பற்றிய பகுதி தொடங்குகிறது. 'கையளித்த வழக்கங்கள்' என்று படித்துவிட்டு முக்காட்டுக்குப் போகிற வாசகியும், 'கட்டளைகள்' என்று படித்துவிட்டுப் போகிற வாசகியும் ஒரே முக்காட்டையா பார்ப்பார்கள்? வேத கட்டளைக்கும் சபை வழக்கத்துக்கும் நடுவில் இருப்பதாகச் சொல்லப்படுகிற சுவர், தமிழில் ஒரு சொல் தேர்வின் மேல் கட்டப்பட்டிருக்கிறது.

அந்த மாற்கு 7ஐயும் இன்னொரு தரம் படிக்க வேண்டும். வழக்கம் மனிதர் உண்டாக்கியது, ஆகவே தள்ளுபடி என்பதற்குத்தான் பிரசங்கிகள் அதை எடுப்பார்கள். ஆனால் இயேசு அங்கே கொடுக்கிற உதாரணம் கொர்பான். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லி அவர்களைக் கைவிடுவதற்கு ஒரு வழி. அந்த வழக்கத்தின் மேல் அவர் வைக்கிற குற்றம் அது புதியது என்பதோ மனிதக் கற்பனை என்பதோ மட்டுமல்ல. பெரியதொரு பக்தியின் பெயரால் வயதானவர்களுக்குச் சோறு போகாமல் தடுக்கிறது என்பது. ஒரு வழக்கம் யாரை வெளியே நிறுத்துகிறது என்ற கேள்வி அந்தப் பிரதிக்குள்ளேயே கேட்கப்படுகிறது. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் வருவோம்.

3

வருவதற்கு முன் ஐரோப்பாவில் ஒரு நிமிடம். 1521இல் வார்ம்ஸ் நகரத்தில் லூத்தர் வேதத்தின் சாட்சியைக் காட்டினாலொழிய மாறமாட்டேன் என்று நின்றார். 1546இல் திரெந்து சங்கத்தில் ரோம் இதற்கு எதிராக, எழுதப்பட்ட வேதமும் எழுதப்படாத மரபுகளும் ஒரே பக்தியோடு ஏற்கத்தக்கவை என்று அறிவித்தது. இந்தச் சண்டை நமக்குத் தெரிந்தது. புராட்டஸ்டண்டுகளுக்குள்ளேயே இருந்த இன்னொரு சண்டை அவ்வளவாகத் தெரிந்ததல்ல. வேதம் தடுக்காத வழக்கம் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது லூத்தரன் பக்கம். பீடம், மெழுகுவர்த்தி, படம் எல்லாம் தங்கின. வேதம் சொல்லாதது ஆராதனையில் வேண்டவே வேண்டாம் என்பது ஸ்விஸ் பக்கத்துப் போக்கு. 1524இல் ஜூரிச் ஆலயங்களிலிருந்து சிலைகளையும் படங்களையும் அகற்றிவிட்டார்கள். கட்டளையும் அல்ல, தடையும் அல்ல என்று நடுவில் கிடக்கிறவற்றுக்கு லூத்தரன்கள் 'அடியஃபோரா' என்று பெயர் வைத்திருந்தார்கள். இருந்தாலும் பாதகமில்லை, போனாலும் நஷ்டமில்லை என்கிற வகை.

இந்த நடு இடம் தமிழ்நாட்டுக்கு வந்தபோது அதற்குள் வந்து உட்கார்ந்தது மெழுகுவர்த்தி அல்ல, சாதி.

4

கத்தோலிக்கர் பக்கத்தில் இந்த வாதத்தைத் தொடங்கி வைத்தவர் ராபர்ட் தெ நொபிலி. 1606இல் மதுரைக்கு வந்தவர். பூணூல், குடுமி, சந்தனம் இவை சமயச் சின்னங்கள் அல்ல, சமூக அந்தஸ்தின் அடையாளங்கள், ஆகவே கிறிஸ்தவனான பிராமணன் இவற்றை விட வேண்டியதில்லை என்றார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளோடு அனுமதித்தார். இதைப் பண்பாட்டு உரையாடல் என்று இன்று கொண்டாடுகிறார்கள். கொண்டாட விஷயம் இருக்கிறது. தமிழையும் சமஸ்கிருதத்தையும் அவ்வளவு ஆழமாகக் கற்ற ஐரோப்பியர் அவருக்கு முன்னால் இல்லை. ஆனால் 'சமயம் வேறு, சமூக வழக்கம் வேறு' என்ற கோட்டைப் போட்டவுடனே தீண்டாமை சமூக வழக்கத்தின் பக்கம் போய்விட்டது. பிராமணர்களுக்கு ஒரு சந்நியாசி, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று மிஷனரிகளே சாதி வாரியாகப் பிரிந்து வேலை செய்தார்கள். நோயுற்ற பறையர் வீட்டுக்குள் போய்த் திருவருட்சாதனம் கொடுக்க மறுக்கிற வழக்கத்தை 1704இல் புதுச்சேரியில் போப்பின் தூதர் தூர்னோன் கண்டித்தார். 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் இந்த மலபார் சடங்குகள் விவகாரத்தை முடித்து வைத்தபோது சேசு சபையினர் கண்டுபிடித்த வழி, பறையர்களுக்கென்றே தனி மிஷனரிகளை ஒதுக்குவது. கட்டளைக்கும் கீழ்ப்படிந்தாயிற்று, வழக்கமும் தப்பித்தது!

புராட்டஸ்டண்டுகள் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தவர்கள். வேதம் மட்டுமே என்றவர்கள். அவர்களுடைய சபையிலும் சாதிவாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1733இல் முதல் தமிழ்க் குருவாக ஆரோன் அபிஷேகம் பெற்றார், அவர் வேளாளர். அடுத்த குருவைத் தேடும்போது ராஜநாயக்கன் என்ற உபதேசியாரின் பெயர் வந்தது. தஞ்சை அரசனின் படையில் இருந்தவர், தஞ்சைப் பகுதியில் சபையை வளர்த்தவர். தகுதியில் குறை சொல்ல முடியவில்லை. அவர் கையால் திருவிருந்து வாங்க வேளாளர்கள் வரமாட்டார்கள் என்பதால் மிஷனரிகள் அவரை விட்டுவிட்டார்கள். 1741இல் தியோகு குருவானார். ராஜநாயக்கன் பறையர். 1771இல் இறக்கிற வரைக்கும் உபதேசியார்தான்.

இந்த இடத்தில் 'வேதம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே அது நடு இடம்' என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். வேதம் சும்மா இருக்கிறதா? யாக்கோபின் நிருபம் 2ஐத் திறந்தால் அங்கே இருப்பது நாற்காலி விவகாரமே. பொன்மோதிரம் போட்டவன் சபைக்குள் வந்தால் நல்ல இடம், கந்தை கட்டினவன் வந்தால் 'அங்கே நில், இல்லாட்டி என் காலடியில் உட்கார்' என்பது. இப்படிச் செய்வது பாவம் என்கிறது அந்த நிருபம். கலாத்தியர் 2இல், யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியைவிட்டு விலகிப் போகிறார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொள்கிறார். யார் எங்கே உட்காருவது, யார் யாரோடு சாப்பிடுவது என்ற இரண்டையும் பற்றித்தான் புத்தகம் வெளிப்படையாகப் பேசுகிறது. தமிழ்நாட்டில் அந்த இரண்டையும்தான் 'சமூக வழக்கம், மதத்துக்குச் சம்பந்தமில்லை' என்று சொல்லி வெளியே வைத்தார்கள். முக்காட்டுக்குக் கட்டளையைத் தேடிப் பிடித்த கண்களுக்கு யாக்கோபு 2 தெரியாமல் போனது எப்படி?

5

1833 ஜூலையில் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைக்குள் சாதியை உடனடியாக, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர், திருச்சி, வேப்பேரி சபைகள் கொந்தளித்தன. பலர் வெளியேறினார்கள். எதிர்த்தவர்களின் குரலாக இருந்தவர் சாதாரண ஆளல்ல, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சரபோஜியின் அவைக்களப் புலவர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர், கிறிஸ்தவத் தமிழிசையின் மூலவர் என்று சொல்லத்தக்கவர்.

வில்சனுக்கு முன்பே, 1820களில், சாஸ்திரியாரும் அவருடைய கூட்டத்தாரும் புதிதாக வந்த மிஷனரிகள் செய்கிற கொடுமைகள் என்று நான்கைப் பட்டியலிட்டார்கள். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துவது ஒன்று. சாதிகளைக் கலந்து உட்கார வைப்பது ஒன்று. பண்டிகைகளில் பூக்களை விலக்குவது ஒன்று. ஆலயத்தில் தமிழ்ப் பாட்டை விலக்குவது ஒன்று.

இந்தப் பட்டியலை இன்று படிக்கிற நமக்குச் சங்கடம் உண்டாக வேண்டும். பூவும் பாட்டும் பறிபோகிறதே என்று சொல்லுகிற சாஸ்திரியாரின் பக்கம் நாம் நிற்போம். ஆங்கில ரசனையை வேதத்தின் சட்டம் என்று விற்க வந்தவர்களை எதிர்த்த குரல் அது. காலனியக் கதையாடலுக்கு எதிரான உள்ளூர்க் குரல் என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம். ஆனால் அதே மூச்சில், அதே மனுவில், பறையர் பக்கத்தில் உட்காரமாட்டோம் என்பதும் வருகிறது. மல்லிகையையும் தீண்டாமையையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'எங்கள் வழக்கம்' என்று பெயர் எழுதி வைத்துவிட்டார்கள். 'பண்பாடு', 'மண்ணின் மரபு' என்று பேசுகிற நம்முடைய சொல்லாடல்கள் பலவற்றுக்குள்ளும் இந்த மூட்டை அவிழ்க்கப்படாமலேயே கிடக்கிறது என்பதால்தான் இதை இவ்வளவு சொல்லுகிறேன்.

மறுபக்கமும் சுத்தமில்லை. வில்சனுடைய கட்டளை மேலிருந்து, ஓர் ஏகாதிபத்தியத்தின் பிஷப்பிடமிருந்து வந்தது. தரங்கம்பாடி மிஷனின் வாரிசாக வந்த லைப்சிக் லூத்தரன்கள் அதை ஏற்கவில்லை. சாதி சமூக ஏற்பாடு, வேதம் அதை நேரடியாகத் தடுக்கவில்லை, மெல்லப் போகட்டும் என்றார்கள். மறுபடியும் அந்த நடு இடம். மதுரை அமெரிக்க மிஷன் 1847இல் ஒருவர் சமைத்ததை எல்லோரும் சேர்ந்து உண்கிற விருந்தைச் சோதனையாக வைத்தது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகளின் மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. ஆங்கிலிக்கன் சபையை விட்டவர்களில் கணிசமானோர் போய்ச் சேர்ந்த இடம் லைப்சிக் மிஷன். கட்டளை பிடிக்காதவர்களுக்கு வழக்கத்தை மதிக்கிற சபை பக்கத்துத் தெருவிலேயே இருந்தது.

கத்தோலிக்கர் ஊரான வடக்கன்குளத்தில் 1870களில் எழுந்த கோயில், பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரிகிற வடிவம் கொண்டது. ஒரு காலில் வேளாளர், மறு காலில் நாடார். நடுவில் சுவர். 1910இல் சுவரை எடுத்தபோது பிள்ளைமாரும் முதலிமாரும் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றார்கள். அவர்கள் கேட்டது வேத கட்டளையை அல்ல. நீண்ட நாள் வழக்கத்தின் உரிமையை. விழுப்புரம் மாவட்டத்தில் அன்று இருந்த எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து தாக்குதல் நடந்தது, காவல்துறை சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டு, சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்றது. தூர்னோனின் ஆணையிலிருந்து எண்ணினால் 312 ஆண்டுகள்.

6

பெண்கள் விஷயத்தில் இதே இயந்திரம் எதிர்த்திசையில் ஓடுகிறது. சாதிக்கு 'வெறும் வழக்கம்தானே' என்று சொன்ன அதே வாய், பெண் பிரசங்கம் செய்ய எழுந்தால் 'வேத கட்டளை' என்கிறது. முதலாம் கொரிந்தியர் 14 பெண் சபையில் பேசாதிருக்கச் சொல்லுவது உண்மை. ஆனால் அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரம் பெண் எப்படித் தலையை மூடிக்கொண்டு ஜெபித்துத் தீர்க்கதரிசனம் சொல்ல வேண்டும் என்று விளக்குகிறது. வாயைத் திறக்காமல் எப்படித் தீர்க்கதரிசனம் சொல்லுவாள்?

இங்கேயும் மொழிபெயர்ப்பு வந்து நிற்கிறது. 'தியாகொனோஸ்' என்ற சொல் ஆண்களின் சபைப் பொறுப்பைக் குறிக்கிற பிலிப்பியர் 1இலும் முதலாம் தீமோத்தேயு 3இலும் 'உதவிக்காரர்'. ரோமர் 16இல் பெபேயாளுக்கு அதே சொல் வரும்போது 'ஊழியக்காரி'. ஆண்களுக்கு வந்தால் ஒரு பதவி, பெண்ணுக்கு வந்தால் செய்கிற வேலை. தமிழில் மட்டும் படிக்கிறவளுக்கு இரண்டும் ஒரே சொல் என்று தெரிய வழியில்லை. தென்னிந்தியத் திருச்சபை 2013இல் புஷ்ப லலிதாவை நந்தியாலின் பேராயராக்கியது. ரோம், 1994இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட மடலின்படி, பெண்களைக் குருவாக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று நிற்கிறது. குருமாரின் மணத்தடையோ ஒழுங்குமுறை, மாற்றலாம். ஒன்று அசையும், ஒன்று அசையாது. கோட்டைப் போட்டவர்கள் யார் என்று பார்த்தால் அத்தனை பேரும் ஆண்கள்.

7

இந்தப் பிரிவினை ஆலயத்துக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. சென்னையைச் சேர்ந்த, செருப்புத் தைக்கும் தொழிலாளியான சூசை போட்ட வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடருகிறது என்று காட்டப்படவில்லை என்று தள்ளுபடி செய்தது.

இதன் தர்க்கத்தைப் பாருங்கள். அரசு புத்தகத்துக் கிறிஸ்தவத்தைப் பார்க்கிறது: உங்கள் வேதத்தில் சாதி இல்லை, ஆகவே உனக்குச் சலுகை இல்லை. சபை வழக்கத்துக் கிறிஸ்தவத்தை நடத்துகிறது: ஊர் வழக்கம் அப்படி, ஆகவே உனக்குத் தனிக் கல்லறை. அரசாங்க அலுவலகத்தில் கட்டளையைக் காட்டி அனுப்பப்படுகிறவன், கோயில் வாசலில் வழக்கத்தைக் காட்டி நிறுத்தப்படுகிறான். கட்டளைக்கும் வழக்கத்துக்கும் நடுவில் போட்ட கோடு ஒரு தலித் கிறிஸ்தவனின் உடம்பின் மேல்தான் போகிறது.

அப்படியானால் இந்தப் பிரிவினையே வேண்டாமா? வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 'இது வேதத்தில் இல்லை' என்பது எளியவன் கையில் நல்ல ஆயுதமாகவும் இருந்திருக்கிறது. ஆனால் எது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அங்கே கொண்டுபோய் வைத்தவர் யார், அதனால் யாருக்கு இடம் கிடைத்தது, யார் வெளியே போனார்கள் என்றும் கேட்க வேண்டும். இதே சபை இதே மாதிரியான வேறு ஒரு வசனத்தை எப்படிக் கையாளுகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மூட்டையை அவிழ்க்க முடியும் என்பதற்கு ஓர் உதாரணமாவது நம்மிடம் இருக்கிறது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு (2005இல் மறைந்தவர், 'பரட்டை' என்றால் பலருக்குத் தெரியும்) நாட்டுப்புற மெட்டுகளையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். சாஸ்திரியார் காப்பாற்ற நினைத்த தமிழ்ப் பாட்டுத்தான், ஆனால் கர்நாடக ராகத்துக்குப் பதில் சேரியின் தாளம். கூடவே அவர் வைத்தது 'ஒரே உலை' என்ற கருத்து: எல்லோரும் ஒரு பானையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடுவது. அது கட்டளையா, வழக்கமா? கலாத்தியர் 2இல் பவுல் சண்டை போட்டது அதற்காகத்தான். கூட்டாகப் பொங்கிச் சாப்பிடுவதோ நம்மூரில் வேதம் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறது. இதை எந்த அலமாரியில் வைப்பது என்ற விவாதம் நடக்கட்டும். பானை யார் வீட்டுத் திண்ணையில் வைக்கப்படுகிறது, யார் அள்ளிப் பரிமாறுகிறார்கள் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.